மயிலாப்பூருக்காக ஆடிய பத்துப் பேர்

காலால் உதைக்கும் பந்து, மயிலாப்பூர் உலகத்துக்குக் கொடுத்த கொடை. கிரேக்க மாலுமிகள் முத்தும் துணியும் வாங்க வந்த காலத்திலேயே மயிலைத் துறைமுகத்து இளைஞர்கள் மணலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் தங்கள் ஊரில் இரண்டு கம்பங்களை நட்டு, ஆட்டம் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டார்கள். லஸ் பக்கத்து வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்த பத்ரிநாராயணன் இந்த உண்மையைக் கூட்டம் கிடைத்த இடத்திலெல்லாம் நிறுவிவந்தார். பழம்பாடல் எதிலும் இதற்குச் சான்று இல்லையே என்று கேட்டவர்களிடம், எல்லாருக்கும் தெரிந்ததை எவன் பாட்டில் எழுதுவான் என்று திருப்பிக் கேட்டார். ஊருக்குள் முதல் பந்து 1919இல்தான் வந்தது. மவுண்ட் ரோடு கடையில் அதை வாங்கியவர்கள் காற்றடிக்கும் பம்பை வாங்க மறந்துவிட்டார்கள். ஆகவே அந்த வருஷ நவராத்திரியில் அது பத்ரிநாராயணன் வீட்டுக் கொலுவில், ஐந்தாம் படியில், சப்பையாக உட்கார்ந்திருந்தது. சுண்டல் வாங்க வந்த பெண்கள் அதைக் கூர்மாவதாரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு ஒரு சைக்கிள் கடைக்காரர் அதற்கு உயிர் கொடுத்தார். 'மயிலை மாட வீதிக் கால்பந்துக் கழகம்' அப்படித்தான் பிறந்தது.

அந்தக் கழகத்துக்காக 1929 பங்குனியில் கடலுக்குள்ளிருந்து பத்துப் பேர் நடந்து வந்து ஆடிக் கொடுத்தார்கள். பதினோராவது ஆள் கோல்கீப்பர். அவன் ஏற்கெனவே கரையில் இருந்தபடியால் பத்துப் பேர் போதுமானதாக இருந்தது.

பத்ரிநாராயணன் தன் வாழ்நாளில் பந்தை ஒருமுறைகூட உதைத்ததில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக நிற்பார். மைதானத்தில் யார் உதைத்தாலும் இவர் கால் கூடவே எழும்பும். பக்கத்தில் நிற்பவர்கள் அனுபவப்பட்டு இரண்டு முழம் தள்ளியே நின்றார்கள். மாம்பலத்து ஏரியை வடித்துத் தெரு போட ஆரம்பித்த புதிதில், வெடித்துக் கிடந்த ஏரிப்படுகையில் டீம் பழகப் போனபோது, ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அங்கேயும் போய் நின்றார். கழகத்துக்குக் காரியதரிசியும் அவரே. சட்டதிட்டங்களை ஒரே மூச்சில் எழுதியவரும் அவரே. வக்கீல் குமாஸ்தாவாகையால் அவற்றில் ஓட்டை ஏதும் இருக்கவில்லை. ஆட்டக்காரன் மயிலையில் பிறந்தவனாகவோ ஓராண்டு வசித்தவனாகவோ இருக்கவேண்டும். பதவி வகிப்பவரும் கோப்பையைத் தொடுபவரும் மயிலையில் பிறந்தவராகவே இருக்கவேண்டும். இரண்டாவது விதி, பொருளாளராக வரப் பார்த்த ஒரு திருவல்லிக்கேணிக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவர் திரும்பிப் போய்விட்டார், விதி இருந்துவிட்டது.

பத்ரிநாராயணனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஜமீன்தார் ஒருவர் கொடுத்திருந்த வெள்ளி முலாம் பூசிய கோப்பை, நாயன வாத்தியத்தோடு நான்கு மாட வீதியையும் ஒரு தடவை சுற்றி வரவேண்டும். தடையாக இருந்தது, பட்டணத்தின் வடபக்கத்துச் சூளை வாலிபர் சங்கம். மாட வீதிக் கழகம் வருஷா வருஷம் கடைசி ஆட்டம் வரை வந்து, சூளையிடம் தோற்று, டிராமில் வாய் திறக்காமல் வீடு திரும்பும். 1929இல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கடைசி ஆட்டத்தை அறுபத்துமூவர் உற்சவத்தன்று சாந்தோம் கடற்கரையில் வைத்துக்கொண்டால், அன்று மயிலாப்பூரில் கூடும் லட்சம் ஜனமும் மயிலையின் பக்கம் நின்று கத்தும், சூளை நடுங்கிப்போகும். கோப்பைக் கமிட்டிக்கு நடையாய் நடந்து அந்தத் தேதியையே வாங்கிவந்தார்.

அவர் மனைவி சூடாமணி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ஏன்னா, அறுபத்துமூவர் அன்னிக்கு மேட்ச் வெச்சா யார் வருவா?"

"ஊரே கூடியிருக்கும்டி."

"கூடும். உங்க மைதானத்துல இல்லே."

சொன்னபடியே ஆயிற்று. அன்று மாலை நாலு மணிக்குக் கடற்கரையில் சூளைக்காரர்கள் பதினொரு பேரும், அவர்களுடைய காரியதரிசி ஷரஃபுதீனும், ரெபரி மெஹபூப் பாஷாவும், பத்ரிநாராயணனும், மயிலைக் கரையோர நொச்சிக்குப்பத்து மிக்கேலும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். மிக்கேல் கோல்கீப்பர். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் ஆனதால் அவனுக்கு வேறு கொண்டாட்டம் இல்லை.

"இன்னா மிக்கேலு, மத்தவாள்லாம் எங்கேடா?" என்றார் பத்ரிநாராயணன். பதற்றத்தில் அவருக்கு இரண்டு பாஷையும் கலந்துவிட்டது.

"பல்லக்கு தூக்கப் பூட்டானுங்க சார். நாலு பேரு. மிச்ச பேரு மோர்ப் பந்தல்ல ஊத்திக்கினு கீறானுங்க. நீதானே சார் தேதி வெச்சே?"

ஷரஃபுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார். "இன்னா சாமி, ஒத்த ஆளை வெச்சுக்கினு எங்களோட மோதப் போறியா? தோத்தேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போய் பானகம் குடி. நாங்களும் ஊட்டுக்குப் போறோம்."

பத்ரிநாராயணன் எழுதிக் கொடுப்பதற்காகப் பேனாவையும் எடுத்துவிட்டார். அப்போதுதான் பத்துப் பேர் கடலிலிருந்து ஏறி வந்தார்கள். நீந்தி வரவில்லை; படகிலும் வரவில்லை. டிராமிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் போல வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அலைக்கு அடியிலிருந்து நடந்து வந்தார்கள். காதில் கடுக்கன், பக்கவாட்டில் முடிந்த கொண்டை, தோளில் சிப்பி ஒட்டிய துண்டு. எல்லாருக்கும் முன்னால் வந்தவர் பெயர் நக்கன் என்று பின்னால் தெரிந்தது. அவர் சாந்தோம் பக்கம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோயில் இங்குதானே இருந்தது?" என்று கேட்டார்.

"அது உள்ளாற தள்ளிப் போச்சு நைனா. ரொம்ப நாளாச்சு" என்றான் மிக்கேல்.

பத்ரிநாராயணனின் உடம்பு சிலிர்த்தது. பழைய கோயில் கடலோரத்தில்தான் இருந்தது, பழைய மயிலாப்பூர் ஒரு மைல் தூரத்துக்குக் கடலுக்குள் கிடக்கிறது என்று அவர் பத்து வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிவந்தார். இதோ அந்த மயிலாப்பூரே எழுந்து வந்து, ஈரத் துணியோடு வழி கேட்கிறது. எந்த ஊர் என்று அவர்களிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆட்கள் பத்துப் பேர் என்பதை எண்ணிவிட்டார். "அதோ அந்தப் பந்தை அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல விட்டுட்டேள்னா போறும். நானே கோயிலுக்கு அழைச்சுண்டு போறேன்" என்றார்.

ஷரஃபுதீன் ரெபரியிடம் ஓடினார். "பாஷா பாய், இது இன்னா அக்கிரமம்? இவனுங்க மேலேர்ந்து தண்ணி சொட்டுது!"

"வேர்வைன்னு வெச்சுக்கோ" என்றார் மெஹபூப் பாஷா. அவர் ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவர். சட்டத்தை விட்டு இம்மியும் நகராதவர். "ரூல்ஸ் முச்சூடும் படிச்சுட்டேன். பூட்ஸ் போட்டுக்கலாம், போடாமயும் ஆடலாம். கடல்லேர்ந்து வரக்கூடாதுன்னு எங்கயும் போடல." விசிலை ஊதினார்.

கோயிலுக்குள் நுழையுமுன் செய்யவேண்டிய ஏதோ ஒரு சடங்கு இது என்று அந்தப் பத்துப் பேரும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பந்தை உற்சவ மூர்த்தியைக் கொண்டுபோகிற மாதிரி நடுவில் வைத்து, சுற்றிலும் நெருங்கி நின்று, வேறெவர் காலும் படாமல் கம்பங்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு, "போகலாமா?" என்று கேட்டார்கள். "இன்னும் ஒண்ணு" என்றார் பத்ரிநாராயணன். அதையும் சேர்த்துவிட்டுக் கேட்டார்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." இடைவேளைக்குப் பிறகு கம்பம் எதிர்ப்பக்கமாக மாறிவிட்டது. கோயிலே இடம் மாறிய ஊரில் கம்பம் மாறுவது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. சூளை ஐந்து கோல் வாங்கியது. மிக்கேலிடம் பந்து ஒருமுறைதான் வந்தது. அதுவும் நலம் விசாரிப்பது போல உருண்டு வந்தது.

கொடுத்த வாக்குப்படி அவர்களைக் கூட்டிக்கொண்டு பத்ரிநாராயணன் மாட வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுபத்துமூவரும் கோயிலுக்குள் திரும்பிவிட்டிருந்தார்கள். மோர்ப் பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மிதிபட்ட தொன்னைகளும் அறுந்த பூவும் தெரு முழுக்கக் கிடந்தன. நக்கன் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். குளத்தைப் பார்த்தார். பிறகு, கோபம் சிறிதும் இல்லாமல், "இனி அடுத்த பங்குனிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்ன பத்ரிநாராயணன் ஒரு நிமிஷம் கவிழ்ந்த மோர்ப் பானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறு நிமிஷம் அவருக்கு அடுத்த வருஷக் கோப்பை நினைவுக்கு வந்தது.

பத்துப் பேரும் நொச்சிக்குப்பத்தில் தங்கினார்கள். மிக்கேலின் தாய் தேசம்மா முதல் நாள் அவர்களுக்குச் சோறு போட்டாள். மறுநாள் வலை இழுக்க அனுப்பினாள். அவர்களுடைய தலைமுடி எந்த வெயிலிலும் காயவில்லை. அவர்கள் உட்கார்ந்து எழுந்த இடம் சாயங்காலம் வரை ஈரமாக இருந்தது. சித்திரை வைகாசியில் குப்பத்துக் கிழவர்கள் அவர்கள் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். கத்தரி வெயிலுக்கு அது சௌகரியமாக இருந்தது. இரண்டு பேர் குப்பத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒருவருக்கு டிராம் கம்பெனியில் தண்டவாளம் கழுவும் வேலை கிடைத்தது. மற்றவர்களைவிட அவருக்குத் தண்ணீர் குறைவாகத்தான் தேவைப்பட்டது. லஸ்ஸில் ஒரு சபை அவர்களை அழைத்து மாலை போட்டு, இங்கிலீஷில் வரவேற்புப் பத்திரம் வாசித்தது. பத்ரிநாராயணன் ஒன்றரை மணி நேரம் மயிலையின் தொன்மையைப் பற்றிப் பேசினார். ஆதி மயிலாப்பூரின் அந்தப் பத்துப் பிரதிநிதிகளும் முன்வரிசையில் உட்கார்ந்து, வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுகொண்டிருந்தார்கள்.

கோப்பை மட்டும் வரவில்லை. ஷரஃபுதீன் ஆட்சேபம் கொடுத்திருந்தார். ஆடியவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள் அல்ல, ஆகவே கழகம் தன் விதியையே மீறிவிட்டது என்பது அவர் வாதம். கமிட்டி அதை விசாரிக்கத் தீர்மானித்துவிட்டுக் கோடை விடுமுறைக்குக் கலைந்தது. விசாரணை தொடங்குவதற்குள் 1930 பங்குனி வந்தது. கடைசி ஆட்டத்துக்கு எந்த நாள் வேண்டும் என்று கமிட்டி கேட்டது. அதிர்ஷ்டமான நாளை மாற்றக்கூடாது என்று பத்ரிநாராயணன் மறுபடியும் அறுபத்துமூவர் நாளையே கேட்டு வாங்கினார். பத்துப் பேரும் "போகலாமா?" "போகலாமா?" என்று கேட்டுக் கேட்டு, இந்தத் தடவை சூளைக்கு ஏழு கோல் போட்டார்கள். மாட வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொன்னைகளையும் கூட்டித் தள்ளியிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவரிடம் சூடாமணி, "ரெண்டு வருஷமா உற்சவத்தைக் கண்ணுல காட்டாம வெச்சிருக்கேளே, அந்த மனுஷாளுக்கு நாக்கு இல்லேன்னு நினைச்சுண்டேளா?" என்றாள். அவர் குடையை மூலையில் வைத்துவிட்டு, ஜெயித்த கணக்கைச் சொன்னார். அவள் கேட்டது ஜெயித்ததைப் பற்றி அல்ல என்பது அவருக்கும் தெரியும்.

கமிட்டி ஒருவழியாக அந்த வருஷக் கார்த்திகையில் கூடியது. தலைவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாசில்தார் சுந்தரராமன். கிராம எல்லைத் தகராறு தீர்த்தே தலை நரைத்தவர். மயிலாப்பூர்க்காரர்கள் ஒரு பக்கம், சூளைக்காரர்கள் மறுபக்கம், நடுவில் கீழே தரை நனைய நனையப் பத்துப் பேர்.

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று தலைவர் கேட்டார்.

பத்ரிநாராயணன் குடைக்காம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆதி மயிலாப்பூர் வாய் திறக்கப் போகிறது.

"எம்மூர் திருவான்மியூர்" என்றார் நக்கன்.

சபையில் யாரோ தும்மினார்கள். நக்கன் அவசரப்படாமல் மிச்சத்தையும் சொன்னார். மயிலாப்பூர்ப் பங்குனித் திருவிழா பார்க்கப் பத்துப் பேரும் ஒரு படகில் கிளம்பினார்கள். பங்குனியில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், துடுப்புக்கூடப் போடவேண்டாம். அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி, கோயில் தீபம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து நின்று கும்பிட்டார்கள். படகு கவிழ்ந்தது. "சற்றே தாமதமாகிவிட்டது" என்றார் நக்கன். "வந்த அன்று, ஆடிவிட்டுப் போகலாம் என்றார் இவர். மறு ஆண்டும் அதையே சொன்னார். திருவிழாவை இன்னும் பார்க்கவில்லை."

மயிலாப்பூர்க்காரர்கள் பத்ரிநாராயணனைத் திரும்பிப் பார்த்தார்கள். சூளைக்காரர்கள்கூட அப்படித்தான் பார்த்தார்கள். ஷரஃபுதீன் எழுந்து, "கேட்டியா சார்? திருவான்மியூராம்! பட்டணத்து எல்லைக்கே வெளில! கப்பு எங்குளுது" என்றார். குரலில் எதிர்பார்த்த அளவு சந்தோஷம் இல்லை.

தலைவர் கையை உயர்த்தினார். படகு கவிழ்ந்தது எந்த இடம் என்று கேட்டார். சாந்தோமுக்கு நேர் எதிரே, அரை மைலுக்குள் என்றார் நக்கன். அன்றிலிருந்து வேறெங்காவது போனதுண்டா? இல்லை, அங்கேயே கிடந்தோம். எத்தனை காலம்? நக்கன் ஒரு ராஜாவின் பெயரைச் சொன்னார். அந்த ராஜா செத்து ஆயிரத்து நூறு வருஷம் இருக்கும் என்று பின்வரிசையில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். தலைவர் பென்சிலால் மூக்கைச் சொறிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். பழைய மயிலாப்பூர் கடலுக்குள் ஒரு மைல் தூரம் கிடக்கிறது என்று காரியதரிசி பத்ரிநாராயணன் பல மேடைகளில் நிரூபித்திருக்கிறார். அதை இதுவரை எவரும் மறுக்கவில்லை. ஆகவே இந்தப் பத்துப் பேரும் ஆயிரத்து நூறு வருஷமாக மயிலாப்பூரில் வசித்திருக்கிறார்கள். கழக விதிப்படி ஆட்டக்காரனுக்கு ஓராண்டு வாசம் போதும். கோப்பை மயிலைக்கே.

ஆரவாரம் அடங்கியதும், ஷரஃபுதீன் உட்காராமலேயே இன்னொன்று கேட்டார். "சரி சார். ஆடுறவனுக்குத் தங்கினா போதும். கப்பை வாங்கிக்கிற காரியதரிசி இங்கியே பொறந்திருக்கணும்னு அவரே எழுதி வெச்சிருக்காரே. அவரு எங்க பொறந்தாரு?"

அவர் தோல்வியின் எரிச்சலில் கேட்டார். பதில் எதையும் எதிர்பார்க்கவில்லை. தலைவரும் சிரித்துக்கொண்டேதான் பத்ரிநாராயணன் பக்கம் திரும்பினார். மயிலாப்பூர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சந்தேகப்பட அந்த ஊரில் ஒருவரும் இல்லை. உண்மை தெரிந்தவள் சூடாமணி ஒருத்திதான், அவள் வீட்டில் இருந்தாள். பதினொரு வயதில் தாய்மாமனோடு எழும்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியவர் அவர். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் பிறந்த ஊர்ப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. பேச்சிலிருந்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டார். கனவுகூட மாட வீதியில்தான் வந்தது. வாயைத் திறந்தார். எதிரே நக்கன் தலைமுடியிலிருந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். ஆயிரத்து நூறு வருஷம் மயிலாப்பூருக்கு அடியில் கிடந்த மனிதன், ஊர் எது என்று கேட்டதும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சொன்னால் கோப்பை போய்விடுமே என்றும் பார்க்கவில்லை. அதைப் பொய் சொல்லத்தக்க விஷயமாகவே அந்த ஆள் நினைக்கவில்லை.

"கும்பகோணம்" என்றார் பத்ரிநாராயணன்.

அவர் எழுதிய விதி நன்றாக எழுதப்பட்டிருந்தபடியால் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அன்றே அவர் காரியதரிசி பதவியிலிருந்து நீங்கினார். கழகத்தில் மீதியிருந்த பதவிக்காரர்களை விசாரித்ததில், கழகத் தலைவர் வந்தவாசி, பொருளாளர் சித்தூர், துணைத் தலைவர் திருநெல்வேலி என்று வரிசையாகத் தெரியவந்தது. மயிலாப்பூரில் பிறந்து, பேறுகாலம் பார்த்தவளின் பெயரோடு அதைச் சொல்லக்கூடியவன் மிக்கேல் ஒருவன்தான். அவனைக் காரியதரிசியாக்கினார்கள். தை மாதம் ஒரு மாலை வேளையில் கோப்பை நாயனத்தோடு நான்கு மாட வீதியையும் சுற்றி வந்தது. மிக்கேல் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். பத்ரிநாராயணன் நாயனக்காரர்களுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். வடக்கு மாட வீதித் திருப்பத்தில் மிக்கேல் திரும்பிப் பார்த்து, "சார், ஒரு கை புடி சார், யாரு கேக்கப் போறா?" என்றான். "விதி இருக்குடா" என்றார் அவர். முலாம் ஒரு பக்கம் உரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். கவனித்தும் அது அவருக்கு அழகாகத்தான் இருந்தது.

மிக்கேல் செய்த முதல் காரியம் கடைசி ஆட்டத்தைச் சித்திரைக்குத் தள்ளியதுதான். 1931 பங்குனியில் பத்துப் பேரும் மதியத்திலிருந்தே கிழக்கு மாட வீதியில் இடம் பிடித்து நின்று அறுபத்துமூவரைப் பார்த்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் தெரு நனைந்ததால் மோர்ப் பந்தல்காரர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று பத்ரிநாராயணன் கேட்டார். "முன்னைப்போல இல்லை" என்றார் நக்கன். மயிலாப்பூரில் திருவிழா முடிந்ததும் எல்லாரும் சொல்வது அது. அவர்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்பதை அதற்குப் பிறகு எவரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டதால் கடலுக்குத் திரும்புவார்களோ என்று சிலர் எதிர்பார்த்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் வழக்கம்போல வலை இழுத்துவிட்டு, சாயங்காலம் பந்து பழக வந்தார்கள்.

பத்ரிநாராயணன் எல்லா ஆட்டத்துக்கும் போய்வந்தார், குடையோடு, காலை உதறிக்கொண்டு. பந்து மயிலாப்பூரில்தான் தோன்றியது என்று கூட்டங்களில் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். கேட்டால், தோன்றியிருக்கலாம் என்றார். 1932 ஆவணியில் கும்பகோணத்திலிருந்து ஒரு டீம் சிநேக ஆட்டம் ஆட வந்து, சாந்தோம் மணலில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு ரயிலேறியது. மயிலாப்பூர் முழுக்க லட்டு கொடுத்தார்கள். அன்று பத்ரிநாராயணன் வயிறு சரியில்லை என்று சொல்லி, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.